சிங், கவுர், அதற்குப் பின்னால் வரும் பெயர்

கேள்வி: என்னுடன் வேலை பார்க்கும் சீக்கியர்களில் சிலருக்குப் பெயர் ‘சிங்’ என்று முடிகிறது. சிலருக்கு அதன் பின்னால் கில், சந்து, மத்தாரு என்று இன்னொன்று வருகிறது. சாதி இல்லாத மதம் என்றல்லவா படித்தோம்?
— வாசகி, பிராம்ப்டன், கனடா

பதில்: படித்தது சரிதான். சீக்கிய நெறியில் முழுமையாகச் சேரும் அமிர்தம் ஏற்கும் சடங்கிலேயே அது தெரியும். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீரும் பதாசா என்னும் சர்க்கரை மிட்டாயும் போட்டு, ஐந்து பேர் சுற்றி அமர்ந்து, குருவாணி என்னும் புனிதப் பாடல்களை ஓதியபடி இருபுறமும் கூரான வாளால் கலக்குவார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து கை குடிக்கக் கொடுத்து, கண்ணில் ஐந்து முறை, தலையில் ஐந்து முறை தெளிப்பார்கள். மிச்சத்தை எல்லோரும் அதே கிண்ணத்தில் வாய் வைத்துப் பருக வேண்டும். எச்சில், தீட்டு என்ற எண்ணத்தை உடைக்கவே செய்த ஏற்பாடு இது. 1945இல் ஏற்கப்பட்ட ரஹித் மர்யாதா நெறிநூலும் ஆண் பெயரோடு சிங், பெண் பெயரோடு கவுர் என்றுதான் சொல்கிறது.

கில், சந்து எல்லாம் ‘கோத்’ பெயர்கள், அதாவது குலப்பெயர்கள். கில் என்றால் பெரும்பாலும் ஜாட் விவசாயக் குடும்பம், மத்தாரு என்றால் தச்சு, கொல்லு வேலை செய்யும் ராம்கடியா சாதி என்று ஒரு பஞ்சாபி உடனே கணித்துவிடுவார். ஊரில் பலர் விட்டிருந்த இந்தப் பெயர், வெளிநாட்டுப் படிவத்தின் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் திரும்பி வந்தது. கனடாவின் டெல்லி விசா அலுவலகமே, சிங், கவுர் மட்டும் போதாது, வேறு குடும்பப் பெயர் வேண்டும் என்று விண்ணப்பதாரர்களுக்குக் கடிதம் அனுப்பிவந்தது. சீக்கியர்கள் எதிர்த்த பிறகு 2007இல்தான் அதைக் கைவிட்டார்கள். அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதித் தவித்த நம்மவர்களுக்கு இந்த வலி புரியும்.

கேள்வி: கல்யாணமானால் ‘கவுர்’ மாறுமா?
— வாசகர், சேலம்

பதில்: மாற வேண்டியதில்லை. அப்பா பெயரோ கணவர் பெயரோ ஒட்டாமல் பெண் தன் பெயரோடு நிற்பதுதான் கவுரின் பெருமை. வெளிநாட்டில் நடப்பது வேறு. கணவரின் ‘சிங்’ குடும்பப் பெயராகப் பதிவாகி, மனைவி ‘மிஸஸ் சிங்’ ஆகிவிடுகிறார். இல்லையென்றால் கவுர் நடுப்பெயராகி, ‘கே’ என்ற ஓரெழுத்தாகச் சுருங்குகிறது. மன்ஜித், குர்ப்ரீத், ஹர்ப்ரீத் எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர்கள். ஒரே வீட்டில் இரண்டு மன்ஜித் இருந்தால், ஆஸ்பத்திரிக் கோப்பில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது சிங்கும் கவுரும்தான். அதனால் பாஸ்போர்ட், வங்கி, மருத்துவப் பதிவு எல்லாவற்றிலும் கவுரை முழுதாக, ஒரே கட்டத்தில் எழுதுவது நல்லது.

கேள்வி: லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் ராம்கடியா குருத்வாரா, ரவிதாஸ் கோயில் என்று தனித்தனியாக இருப்பது ஏன்? சட்டம் உதவுமா?
— வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: ராம்கடியாக்கள் தச்சு, கொல்லு வேலைக்காரர்கள். 1896 முதல் உகாண்டா ரயில்பாதை போடக் கிழக்கு ஆப்பிரிக்கா போய், 1960களில் குடும்பம் குடும்பமாக பிரிட்டன் வந்தவர்கள் அவர்களில் பலர். தங்கள் சங்கம், தங்கள் குருத்வாரா என்று கட்டிக்கொண்டார்கள். குருத்வாராவின் பொதுச் சமையலான லங்கரில் யாரும் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். குருத்வாரா நிர்வாகக் கமிட்டித் தேர்தலிலும் கல்யாணப் பேச்சிலும்தான் சாதி தலைகாட்டும்.

ரவிதாசரைப் பின்பற்றும் ரவிதாசியர் கதை கொடுமையானது. தோல் தொழில் செய்த ரவிதாசரின் 40 பாடல்கள் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபிலேயே இருக்கின்றன. அவர் பாட்டைத் தலைவணங்கிக் கேட்பவர்கள், அவர் சாதியாரைக் கமிட்டியில் ஏற்கத் தயங்கினார்கள். 2009 மே மாதம் வியன்னாவில் அவர்கள் கோயிலுக்குள் நடந்த தாக்குதலில் ரவிதாசியரின் மதத் தலைவர்களில் ஒருவரான சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் சார்ந்திருந்த தேரா சச்கண்ட் பல்லான் என்னும் மடம் தனி மதம் அறிவித்து, ரவிதாசர் பாடல்களை மட்டும் கொண்ட ‘அம்ரித்பாணி’யைக் கோயில்களில் வைத்தது. எல்லா ரவிதாசியரும் அந்தப் பக்கம் போகவில்லை. கிரந்த் சாகிபையே வைத்திருக்கும் கோயில்களும் உண்டு.

பிரிட்டனில் சாதிக்கென்று தனிச் சட்டப் பிரிவு இல்லை. சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்னது, 2018இல் அரசு பின்வாங்கியது. ஆனால் அந்தச் சட்டத்தில் உள்ள இனப்பிறப்பு (ethnic origins) என்பதற்குள் சாதியும் அடங்கலாம் என்று 2014இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு நடந்தால், புகாரில் ‘சாதி’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ‘இனப்பிறப்பு அடிப்படையிலான பாகுபாடு’ என்று எழுதி, யார், என்று, என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு சேர்த்துக்கொடுங்கள். தலைப்பாகை கட்டிய மாணவனுக்குப் பள்ளியில் இடம் மறுத்த வழக்கில், சீக்கியர்களை 1983இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை காப்பாற்றியதும் இதே ‘இனப்பிறப்பு’ என்ற சொல்லை வைத்துத்தான்.