கையில் எட்டு லட்சம், காணி வாங்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைக் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்பில் நொத்தாரிசாக வேலை செய்கிறேன். உறுதி, பதிவு, ஈடு, வாடகை, கடன் பற்றிக் கேளுங்கள். எந்த ஊரில் காணி விலை ஏறும் என்று மட்டும் கேட்க வேண்டாம். நான் சொன்னால் அது ஊகம், உங்கள் காசோ உண்மையான காசு.

செங்கலடி: மிஸ், தனியார் வேலை, கையில் எட்டு லட்சம் இருக்கு. மிச்சத்தை வங்கியில் எடுத்து ஊருக்கு வெளியில 10 பேர்ச் வாங்கிப் போடவா? அஞ்சு வருசத்தில ரெண்டு மடங்காகும் என்று புரோக்கர் சொல்றார். அம்மாட வளவு மெயின் ரோட்டுப் பக்கம் சும்மா கிடக்கு.

பதில்: தம்பி, கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. வெறுங்காணி மாதம் ஒரு சதமும் தராது, கடன் தவணையோ மாதம் தவறாமல் வரும். இரண்டு தவணை பிந்திய பிறகு அவசரமாக விற்க வருகிறவர்களை என் மேசைக்கு முன்னால் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ரெண்டு மடங்குக்கு விற்றதில்லை.

வாங்கும் விலை மட்டும் செலவில்லை. 10 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம், ஆக 39,000 ரூபா. உறுதியில் விலையைக் குறைத்து எழுதித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், சந்தைப் பெறுமதியைத்தான் பார்ப்பார்கள். நொத்தாரிசுக் கூலி, நில அளவையாளர், பதிவுச் செலவு, வேலி எல்லாம் அதற்கு மேல்.

உங்களுக்குப் பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் அறை தேடி அலைகிறார்கள். எட்டு லட்சத்தில் முழு வீடு வராது. ஆனால் அம்மாவின் வளவில் ஒரு அறையும் குளியலறையும் தொடங்கலாம், முதல் அறையின் வாடகையில் இரண்டாவது அறைக்கு அத்திவாரம் போடலாம். முதலில் அம்மாவின் உறுதியை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போங்கள். வளவு அம்மா பேரில்தான் இருக்கிறதா, அம்மம்மா பேரிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். மாமாக்களுக்கும் பங்கு இருந்தால் செங்கல் ஏற்ற முன் பேசித் தீர்க்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடத்துக்கு மேல் பங்களித்து, மூன்று லட்சத்துக்கு மேல் மீதி இருந்தால், வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை முற்கூட்டியே எடுக்கலாம். உச்சம் 20 லட்சம். கடனுக்கு முன் அதை விசாரியுங்கள்.

சம்மாந்துறை: வட்டி இல்லாமல் வீட்டுக் கடன் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் குறைந்து செல்லும் முஷாரக்கா என்று கேளுங்கள். வங்கியும் நீங்களும் சேர்ந்து வாங்கி, வங்கியின் பங்கை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வீர்கள். அவர்களும் உறுதியைத் துருவித்தான் பார்ப்பார்கள். வங்கி வேண்டாம் என்ற உறுதியை நீங்கள் கைக்காசு கொடுத்தும் வாங்க வேண்டாம்.

வாழைச்சேனை: பேர்மிட் காணி ஒன்று பாதி விலைக்கு வருது மிஸ். முத்திரைக் கடுதாசியில ரெண்டு சாட்சியோட எழுதித் தருவாங்களாம்.

பதில்: வேண்டாம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி அரச காணிதான். வைத்திருப்பவருக்கு விற்க உரித்தில்லை. அளிப்புப் பத்திரம் (பேர்மிட்டுக்குப் பிறகு அரசு தரும் உரிமைப் பத்திரம்) கிடைத்த காணியாக இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இல்லாமல் எழுதினால் அந்த உறுதி வெற்று.

அதோடு, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி எந்தக் காணியையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடுதான் விற்கலாம். முத்திரைக் கடுதாசியில் எத்தனை சாட்சி கையெழுத்து வைத்தாலும் காணி கைமாறாது. பாதி விலை கொடுத்து நீங்கள் வாங்குவது, விற்றவர் மனம் மாறாதவரைக்கும் அங்கே இருக்கலாம் என்ற நம்பிக்கையை மட்டும்.

கொக்கட்டிச்சோலை: பேர்மிட்தான், ஆனால் இருபது வருசமாக அவங்கதான் இருக்கிறாங்க. அப்பவும் ஏலாதா?

பதில்: ஏலாது. ஒரு காணியைப் பத்து வருடம் ஆண்டால் வரும் ஆட்சி உரித்து தனியாருக்கு எதிராகத்தான் வரும், அரசுக்கு எதிராக வராது.

லண்டன் (சொந்த ஊர் கல்லாறு): பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும்தான். பாசிக்குடாவில் சின்னத் துண்டு ஒன்றைத் தம்பி பேரில் வாங்கி கபானா (கடற்கரைக் குடில்) போட நினைக்கிறேன்.

பதில்: அண்ணன், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. அந்த வழியில் வாங்குங்கள்.

தம்பி பேரில் என்றால் அது தம்பியின் காணி. தம்பி நல்லவர்தான். நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்தால் உரிமை அவர் மனைவி பிள்ளைகளுக்குப் போகும், நீங்கள் கொடுத்த காசை அவர்கள் அறிந்திருக்கவும் மாட்டார்கள். கபானாவுக்கு இன்னொன்று: கடல் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதி எடுக்க வேண்டும். அறுகம்பே, பொத்துவில் ஆட்களுக்கும் இதே பதில்தான்.

களுவாஞ்சிகுடி: மூன்று பெண் பிள்ளைகள். கையில் பன்னிரண்டு லட்சம். மூத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்கவா, காணி வாங்கிப் போட்டுப் பிறகு விற்றுக் கட்டவா?

பதில்: கட்டத் தொடங்குங்கள், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன திகதிக்கு முடிக்க ஓடாதீர்கள். ஒரு அறை, குசினி, மலசலகூடம், கூரை. மிச்சம் பிறகு. வயலை ஈடு வைத்து மாபிள் பதித்த வீடு வேண்டாம். மகள் பேரில் நன்கொடை உறுதி எழுதும்போது உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுள் உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று: முதலீடு பற்றிக் கேட்க வந்த இடத்தில் சீதன வீட்டுக்கு வழி சொல்றீங்களே! சீதனம் ஒழிய வேணும் என்று நாங்க பேசிக்கொண்டு இருக்கிறம்.

பதில்: கேட்டு வாங்கும் சீதனத்தை நானும் வெறுக்கிறேன். பெண் பிள்ளைக்குத் தன் பேரில் ஒரு கூரை இருப்பது வேறு விஷயம். போரில் கணவனை இழந்த பெண்கள் உறுதியோடு என்னிடம் வந்தபோது, தாய் எழுதிக் கொடுத்த வீட்டில் இருந்தவர்களை யாராலும் வெளியே அனுப்ப முடியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த பல வீடுகளில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பேரை எழுதினார்கள். தாய் வழியாக வீடு வந்த இந்தக் கரையில் அது பெண்களுக்குப் பெரிய இழப்பு.

காத்தான்குடி: மிஸ் சொல்றது சரி. எங்கட ஊரில காணி இல்லை, மேலேதான் கட்டுறம். ஆனால் மகள் பேரில எழுதினாப் பிறகு வாப்பாவுக்கு ஒரு கடன் எடுக்கவும் ஏலாமப் போகுதே.

பதில்: உண்மை. எழுதிக் கொடுத்தபின் நீங்கள் அதை ஈடு வைக்க முடியாது. நன்கொடை உறுதி, அதிலும் ஆயுள் உரித்து உள்ளது, வங்கிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. திருப்பி எடுப்பதும் லேசில்லை. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, மீளப்பெற முடியாத நன்கொடையைக் கடும் நன்றியீனம் என்ற காரணத்துக்காக நீக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே கடன் தேவை ஏதும் இருந்தால் அதை முடித்துவிட்டு எழுதுங்கள்.

கல்லடி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், அவர் மட்டக்களப்பு. என் வீட்டை விற்க அவர் கையெழுத்து வேணும் என்று புரோக்கர் சொல்றார். முக்குவர் சட்டம் என்று வேற ஒருவர்.

பதில்: இரண்டு பேரும் பிழை, தங்கச்சி. முக்குவர் சட்டம், மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டம், வழக்கொழிந்து நெடுங்காலம். கணவனின் சம்மதம் கேட்பது தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். தேசவழமைக்கு உட்படாதவரைக் கட்டிய பெண்ணுக்கு அந்தத் திருமணம் நிலைக்கும் வரை அது பொருந்தாது என்று 1911ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உங்களுக்குப் பொதுச் சட்டம். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்து அவள் சொத்து. அவரிடம் கலந்து பேசுங்கள், கையெழுத்து தேவையில்லை.

அக்கரைப்பற்று: அப்ப ஆண் பிள்ளைக்கு என்ன?

பதில்: உழைப்பில் வாங்கட்டும், வயலில் பங்கு கொடுங்கள். இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிந்தவூர்: வயல் மலிவு. வாங்கி மண் போட்டு நிரப்பி வீட்டுத் துண்டாக விற்றால்?

பதில்: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. நிரப்பிய துண்டை உங்களிடம் வாங்கும் ஏழைக் குடும்பம் கட்டட அனுமதிக்கு அலையும். வயல் ஆசை இருந்தால் ஒரு போகம் குத்தகைக்கு எடுத்துச் செய்து பாருங்கள், எடுக்க முன், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையிடம் தண்ணீர் பற்றிக் கேளுங்கள்.

ஆரையம்பதி: எந்தப் பக்கம் வாங்கினால் விலை ஏறும் மிஸ்?

பதில்: தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

கல்முனை: நாலு கூட்டாளிகள் சேர்ந்து பெரிய வளவொன்றில் ஒருவரின் பங்கை வாங்கலாமா? அரை விலை.

பதில்: பிரிபடாத பங்கு என்பதால்தான் அரை விலை. எந்த மூலை உங்களுடையது என்று யாரும் சொல்ல முடியாது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்குவழக்குச் சட்டப்படி யாராவது வழக்கு வைத்து அது பதிவானால், இறுதித் தீர்ப்பு வரும்வரை விற்கவும் ஏலாது, ஈடு வைக்கவும் ஏலாது. கொஞ்சக் காசுக்காரர் வருடக்கணக்காகக் காத்திருக்க முடியுமா? போதாததற்கு நீங்கள் வேறு நாலு பேர்.

ஓட்டமாவடி: வெளிநாட்டில் இருப்பவரின் அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காக விற்க எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தில்) விற்கிறார்கள்.

பதில்: உரிமையாளரோடு வீடியோவில் நேரே பேசுங்கள். அவர் இறந்திருந்தால் தத்துவமும் முடிந்துவிட்டது.

திருக்கோவில்: பிரகடன உறுதி நல்லதா? அதுதான் இருக்கு என்கிறார்கள்.

பதில்: "இது என் காணி" என்று ஒருவர் தானே எழுதிப் பதிந்தது அது. பதிவகத்துக்குப் போங்கள். 30 வருடம் பின்னால் வரை யார் பேரில் இருந்தது என்று பாருங்கள். இதை எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்வேன்: தரகர் கொண்டுவரும் பிரதியைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வவுணதீவு: நல்ல உறுதி, பதிவும் பார்த்தாச்சு. காணியை நேரில் பார்க்கும்போது எதைப் பார்க்க வேணும்?

பதில்: ஆடியில் போய்ப் பார்க்காதீர்கள், மார்கழி மழையில் போங்கள். 2011 தை மாத வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டு வயதானவர்களைக் கேளுங்கள். நில அளவையாளரைக் கூட்டிப்போய் நாலு எல்லைக் கல்லையும் தேடுங்கள். கல் இல்லாத பக்கத்து அயலவரை உங்கள் முன்னால் எல்லை காட்டச் சொல்லுங்கள். வீட்டுத் துண்டு 6 பேர்ச்சுக்குக் குறைந்தால் நகர அபிவிருத்திப் பகுதியில் கட்டட அனுமதி சிக்கலாகும். கடைசியாக வழி. இன்றைக்கு நடக்கிற பாதை பிளானில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தப் பாதைக்காரரும் உறுதியில் கையெழுத்து வைத்து வழியுரிமை தந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.