நான்கு கறவை மாடுகள் வாங்க ஊருக்குப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் நிரந்தரவாசி, இந்தியக் குடியுரிமை உள்ளவன். நாமக்கல் பக்கம் இருக்கும் என் தங்கையும் மைத்துனரும் நான்கு கலப்பின ஜெர்சி மாடுகள் வாங்கிக் கொட்டகை போட 8,000 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள். ஒரு மாடு நாளுக்கு 15 லிட்டர் கறக்கும், லிட்டர் 35 ரூபாய் என்றால் மாதம் 63,000 ரூபாய் வரும், ஒன்றரை ஆண்டில் திருப்பித் தந்துவிடுவோம் என்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்களிடம் இருந்த ஒரு மாடு நான்காம் ஈற்றில் கன்று போட்ட மறுநாளே படுத்துவிட்டது. பிழைத்துக்கொண்டாலும் பழைய பால் வரவில்லை. இந்தத் தொகை என் சேமிப்பில் பாதி. அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், ஆனால் முழுத் தொகையையும் ஒரே தவணையில் அனுப்ப வேண்டாம், அந்த 63,000 ரூபாய்க் கணக்கை நம்பியும் அனுப்ப வேண்டாம்.

15 லிட்டர் என்பது மாட்டின் உச்சக் கறவை. கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் அந்த உச்சம் வரும். பிறகு மாதாமாதம் இறங்கி, அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கறவையை நிறுத்திவிட வேண்டும். உச்சத்தில் ஒரு லிட்டருக்கு ஈற்று முழுவதும் ஏறத்தாழ 200 லிட்டர் என்பது பால்பண்ணைத் தொழிலில் வழங்கும் கணக்கு. அதன்படி இந்த மாடு ஓர் ஈற்றில் தருவது சுமார் 3,000 லிட்டர். பதின்மூன்று மாதத்துக்கு ஒரு கன்று என்று எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், நான்கு மாடுகளுக்கும் சேர்த்து மாத வரவு சராசரியாக 32,000 ரூபாய்தான். தீவனம், கூலி, மருந்து எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். உங்கள் மைத்துனர் பொய் சொல்லவில்லை. மாடு விற்பவர் காட்டிய நல்ல நாளை எல்லா நாளுக்கும் நீட்டிவிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை உடைப்பது கன்று ஈன்ற பின் வரும் நோய்கள். நோயால் உச்சத்தில் மூன்று லிட்டர் குறைந்தால், நோய் ஒரு வாரத்தில் தீர்ந்தாலும், இழப்பு அந்த ஒரு வாரத்தோடு நிற்பதில்லை: 600 லிட்டர், அதாவது 21,000 ரூபாய், அந்த ஈற்று முழுவதும் சிறிது சிறிதாகக் கழிகிறது. வைத்தியச் செலவு இதில் சேரவில்லை. நஞ்சுக்கொடி விழாமல் தங்கிக் கருப்பை புண்ணானால் சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். தவறும் ஒவ்வொரு சினைப்பருவமும் 21 நாள், அத்தனை நாளும் தீவனச் செலவு உண்டு. மடி நோய்க்கு ஊசி போட்டால், மருந்து உடலை விட்டு நீங்கும் வரை பாலைக் கூட்டுறவுப் பால் சங்கத்தில் ஊற்றக் கூடாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், சென்ற ஆண்டு படுத்த மாட்டுக்கு வந்தது பெரும்பாலும் பால் சுரமாக இருக்கும். பெயரில் சுரம் இருந்தாலும் உடம்பு சுடாது. காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துக்கொள்ளும். சீம்பாலுக்காக இரத்தத்திலிருந்து சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) திடீரென இறங்குவதே காரணம். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட மாடுகளிலும் ஜெர்சி இனத்திலும் இது கூடுதல். சினையின் கடைசி வாரங்களில் அக்கறையோடு கால்சியம் டானிக் ஊற்றுபவர்கள் உண்டு. அப்போது அதிகம் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் பழக்கம் உடலுக்கு மந்தமாகி, ஈன்றவுடன் ஆபத்து கூடவே செய்யும். மருத்துவர் நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் மாடு சில மணி நேரத்தில் எழுந்துவிடக்கூடும். ஆனால் சுண்ணாம்புச் சத்து குறைந்த தசை சுருங்காது: மடிக்காம்பு சரியாக மூடாமல் மடி நோயும், கருப்பை சுருங்காமல் நஞ்சுக்கொடித் தங்கலும், தீனி எடுக்காமல் உடல் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரையும் கீட்டோசிஸ் என்ற நோயும் தொடரலாம். பழைய பால் திரும்பாததற்கு இந்தத் தொடர்ச்சி காரணமாக இருந்திருக்கலாம்.

ஆகவே என் யோசனை இது. இப்போது 4,000 வெள்ளி அனுப்பி, இரண்டாம் ஈற்றில் இருக்கும் இரண்டு மாடுகளை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். நான்காம் ஈற்று மாடு அதிகம் கறக்கும் என்று தரகர் சொல்வார். ஆனால் பால் சுரத்தின் ஆபத்தும் அந்த வயதில்தான். அனுப்பும் பணத்தில் ஒரு மாட்டுக்கு 10,000 ரூபாய் வீதம் தங்கையின் தனிக் கணக்கில் இருக்கட்டும். ஈன்ற பின் அறுபது நாளுக்கு மருத்துவர், தாது உப்புக் கலவை, மடி நோய்ப் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டுமே அதைத் தொட வேண்டும். அந்த அறுபது நாளும் நல்லபடியாகக் கழிந்தால் அடுத்த இரண்டு மாடுகளுக்குப் பணம் அனுப்புங்கள். ஈற்றுகள் இப்படி மாதம் தள்ளி வருவதால், நான்கும் ஒரே நேரத்தில் வறளும் நிலையும் வராது.

வாரம் ஒரு முறை சங்கத்துப் பால் அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தங்கையைச் சந்தேகிப்பதாக அவர் நினைக்காதபடி முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அளவு இறங்கிக் கொழுப்பு மட்டும் ஏறினால் மகிழ வேண்டாம். தீனி போதாமல் மாடு தன் உடல் கொழுப்பைக் கரைக்கிறது, அது கீட்டோசிஸின் அடையாளமாக இருக்கலாம்.

மாட்டுக் காப்பீடு எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது பொதுவாக இறப்புக்கே பணம் தரும். பால் குறைந்ததற்குத் தராது. காப்பீட்டு அடையாளமாக மாட்டின் காதில் மாட்டும் வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மாற்ற வேண்டும், இல்லையேல் இறப்புக்குக் கிடைக்க வேண்டியதும் சிக்கலாகும்.

இதைக் கடனாகக் கொடுக்காமல் அன்பளிப்பாகவே கொடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் ஊரில் கொடுக்கும் கடனுக்கு அந்நியச் செலாவணி விதிகள் உண்டு. உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கோ பெறுபவர் இந்தியாவில் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வங்கி வழியாகத் தங்கையின் பெயருக்கே அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்கென்று விவசாய நிலம் உங்கள் பெயரில் வாங்கும் பேச்சு எழுந்தால் மறுத்துவிடுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் அதை விலைக்கு வாங்க முடியாது. மசேநியில் (மத்திய சேம நிதியில்) இருப்பது இதற்கு உதவாது என்பதால், ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான ரொக்கம் கையில் மீந்த பிறகே இரண்டாம் தவணையை அனுப்புங்கள்.