யாரைப் பார்த்து எழுதிய நூல்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை கடிதங்கள் எல்லாம் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா வாசகர் வட்டத்திலிருந்து. பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால்தான் பெரியவர்களுக்கு விளங்கும். மனவியல், சமூகவியல் நூல்களை இவர்கள் கூடிப் படிக்கிறார்கள்.

கேள்வி: பொறுமையாகக் காத்திருக்கும் பிள்ளைதான் பின்னாளில் முன்னேறும் என்று 'மார்ஷ்மெல்லோ' சோதனை பற்றி ஒரு நூலில் படித்தேன். பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, அது பொய்யாகிவிட்டது என்றார் ஒரு தகப்பனார். எது சரி?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: பொய் என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் ஏற்றி வைத்த பாரத்தை அந்தச் சோதனை தாங்காது. மனவியலாளர் வால்டர் மிஷெல் இதை 1960-களின் கடைசியிலிருந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் செய்தார். பிள்ளையின் முன் ஒரு மிட்டாய் இருக்கும். வெளியே போனவர் திரும்பும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். அங்கே படித்தவர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தாரின் வீட்டுப் பிள்ளைகள். காத்திருந்தவர்கள் பிறகு தேர்வில் நன்றாகச் செய்தார்கள் என்ற 1990-ஆம் ஆண்டு முடிவுக்குக் கிடைத்த மதிப்பெண்கள் நூறு பேருடையவைகூட இல்லை.

2018-இல் வாட்ஸ், டங்கன், குவான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். தாய் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைகளும் அதில் நிறைய. தொடர்பு இருந்தது, ஆனால் முன்பு சொன்னதில் ஏறக்குறைய பாதிதான். குடும்பச் சூழல், சிறுவயது அறிவுத்திறன் இவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

பெற்றோருக்குச் சொல்ல ஏற்றது அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013-இல் வெளியிட்ட சோதனை. பிள்ளையிடம் பழைய வண்ணக்குச்சிகளைக் கொடுத்து, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பாதிக்கு, "இல்லையாம், இதையே வைத்துக்கொள்" என்று வெறுங்கையோடு வந்தார்கள். ஒட்டுப்படத்திலும் அதே கதை. அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளைக்குச் சீக்கிரம் தின்றுவிடுவதுதான் புத்தி! சம்பளம் வந்ததும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பலமுறை தவறிய வீட்டில், பிள்ளைக்குப் பொறுமையில்லை என்று திட்டுவது நியாயமே இல்லை. இந்தச் சோதனையில் கலந்துகொண்டதும் 28 பிள்ளைகள்தான். கூட்டத்தில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நூலகத்தில் மனவியல் நூல் கேட்டால் 'வெற்றிக்கு வழி' வகை நூல்களையே காட்டுகிறார்கள். நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– படிவம் ஆறு மாணவி

பதில்: நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். நம் பொது நூலகங்களில் இருப்பது, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி எண் முறை. மனவியல் 150-இல் தொடங்கும். பிள்ளை வளர்ச்சி 155. உங்களிடம் காட்டியது 158, முன்னேற்ற நூல்கள் அங்கேதான் குவிந்திருக்கும். சமூகம் 301 முதல் 307 வரை, அதில் இனக்குழுக்கள் 305.8, பண்பாடு 306. சடங்கும் பழக்கவழக்கமும் 390.

எடுத்ததும் முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். உள்ளே, 'ஆய்வுகள் சொல்கின்றன' என்று அடித்துச் சொல்லும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, கடைசியிலுள்ள குறிப்புகளில் அதற்கு என்ன ஆதாரம் என்று தேடுங்கள். யாரை ஆராய்ந்தார்கள், எத்தனை பேர், எந்த ஊர்? குறிப்பே இல்லையென்றாலும், குறிப்பு இன்னொரு முன்னேற்ற நூலைக் காட்டினாலும் அலமாரியிலேயே வைத்துவிடலாம். பத்து நிமிட வேலைதான்.

ஊரைக் கேட்கக் காரணம் உண்டு. 2003 முதல் 2007 வரை ஆறு முன்னணி மனவியல் இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாட்டவர். உலக மக்களில் அந்நாட்டவர் 12 விழுக்காடுதான். 'மனித மனம்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அவர்கள் மனம்.

கேள்வி: மனவியலாளர் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' (2011) நூலிலும் தவறு இருக்கிறதாமே, படிக்கலாமா?

பதில்: தாராளமாகப் படியுங்கள். நான்காம் அத்தியாயத்தை மட்டும் எச்சரிக்கையோடு படியுங்கள். கண்ணில் பட்ட ஒரு சொல்லே நம்மை அறியாமல் நடத்தையை மாற்றிவிடும் என்று அங்கே சொல்லும் ஆய்வுகளில் சில, திரும்பச் செய்தபோது அதே முடிவைத் தரவில்லை. சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017-இல் அவரே ஒப்புக்கொண்டார்.

கேள்வி: அப்பா தென்னமரம் தோட்டத்தில் வேலை செய்தவர். எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஆய்வு நூல் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. உங்கள் அப்பாவின் தோட்டமே சரித்திரத்தில் இடம்பெற்றது. 1917-இல் இந்நாட்டில் வணிகமுறையில் முதல் செம்பனை பயிரானது அங்கேதான். அதை நட்ட ஹென்றி ஃபோகோனியே தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கிய நூல் ஒரு நாவல். துரையின் கண்ணில் பட்ட மலாயா அது, ஆய்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தோட்டத்து மக்களோடு இருந்து எழுதிய மானிடவியல் நூல் வேண்டுமானால் ரவீந்திர ஜெயின் 1970-இல் வெளியிட்ட 'சவுத் இந்தியன்ஸ் ஆன் தி பிளான்டேஷன் ஃப்ரன்டியர் இன் மலாயா'. அதில் வரும் 'பால் மெலாயு' என்ற தோட்டத்தை வரைபடத்தில் தேடாதீர்கள், மக்களைக் காக்க வைத்த புனைபெயர். குடியேற்றக் கணக்குகளுக்குக் கெர்னியல் சிங் சந்துவின் 1969-ஆம் ஆண்டு நூல். தோட்டம் கைமாறி, கோயிலும் பள்ளியும் பறிபோன காலத்துக்கு ஆண்ட்ரூ வில்ஃபோர்டு (2014).

இவற்றுக்கு முன் சையத் உசேன் அலாத்தாஸின் 'தி மித் ஆஃப் தி லேஸி நேட்டிவ்' (1977) படித்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும். காலனிக்காரனின் தோட்டத்துக்குக் கூலியாக வர மறுத்தவனுக்குத்தான் சோம்பேறிப் பட்டம் கிடைத்தது என்று காட்டுகிறார். 'சொன்னதைக் கேட்கும் தமிழன்' என்று நமக்குக் கொடுத்த பட்டமும் அதே கையால் எழுதியதுதான். நம்மில் பலர் அதை இன்னும் பாராட்டாக நினைத்துக்கொண்டிருப்பது வேதனை.

ஊர் நூலகத்தில் இல்லையென்றால், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொடுத்து, 'பிஞ்சாமான் அந்தாரா பெர்புஸ்தகாஆன்' மூலம் வேறு நூலகத்திலிருந்து தருவித்துத் தர முடியுமா என்று முகப்பில் கேளுங்கள்.

கேள்வி: பாட்டிக்கு 88 வயது. தோட்டத்துக் கதைகளைப் பதிவு செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: இந்த வாரமே தொடங்குங்கள். ஆண்டைக் கேட்டால் பாட்டி தடுமாறுவார். பொருளைக் கேளுங்கள். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு எழுந்தார், பால் பிடிக்கும் மங்கு எதில் செய்தது, லயத்து (வரிசை வீடு) சமையலறையில் எத்தனை அடுப்பு, கணக்கெழுதும் கிராணியை எப்படிக் கூப்பிடுவார்கள்? ஆண்டைப் பிறகு நீங்கள் பொருத்திக்கொள்ளலாம். ஜப்பான் காலம் 1942–45, சுதந்திரம் 1957, நடந்தது அதற்கு முன்னா பின்னா என்று கேட்டாலே போதும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஒரு துணிமேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். வெறும் மேசை அதிரும், பேச்சு மங்கும். ஒரு தடவைக்கு 45 நிமிடம் போதும். நிறுத்துவதற்கு முன், யார் யார் கேட்கலாம், எந்தப் பெயரை மறைக்க வேண்டும் என்று பாட்டியின் வாயாலேயே சொல்ல வைத்து அதையும் பதிவு செய்துவிடுங்கள்.