காவிரி டெல்டா வயலில் செடி வளர்த்து உலோகம் எடுக்க முடியுமா?

செடி நட்டு மண்ணிலிருந்து நிக்கல் எடுக்கிறார்களாமே, மன்னார்குடிப் பக்கம் நம் வயலில் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு பார்க்கும் அளவுக்கு நடக்காது. அதற்கு மண்ணிலேயே நிக்கல் நிறைய இருக்க வேண்டும். நம்முடையது ஆறு கொண்டுவந்த வண்டல். அல்பேனியாவில் நிக்கல் நிறைந்த நிலத்தில் ஒருவகை மஞ்சள்பூச் செடியை வளர்த்து, அறுத்து எரித்து, சாம்பலிலிருந்து நிக்கலைப் பிரிக்கிறார்கள். ஹெக்டேருக்கு 100 கிலோ வரை கிடைத்திருக்கிறது.

பாக்டீரியாவை வைத்து உலோகம் எடுப்பது வேறு வேலை. கந்தகம் கலந்த தாதுக் குவியலில் அமிலம் தெளித்தால், அதிலுள்ள இரும்பையும் கந்தகத்தையும் சில பாக்டீரியாக்கள் இரையாக்கிக்கொள்ளும். செம்பு கரைந்து வடியும். சிலியில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள்.

இதன் சிறிய உறவு நம் வயலிலேயே உண்டு. தண்ணீர் கட்டிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும், பாக்டீரியாக்கள் துருவைப் பயன்படுத்திச் சுவாசிக்கும், இரும்பு கரையும். அது மேலே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகும். வாய்க்கால் ஓரம் எண்ணெய் மாதிரி மினுங்கும் படலத்தைக் குச்சியால் கிளறுங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால் இரும்புப் படலம், திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய். நாற்றைப் பிடுங்கினால் வேரில் தெரியும் செம்பழுப்பும் இதே இரும்புதான்.

அப்புறம், வெங்காயத்தாமரை ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் வேரில் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆலைக் கழிவு கலக்கும் வாய்க்காலில் அள்ளியதை மட்டும் எருக்குழியில் போடாதீர்கள்.