செட்டில்மென்ட் பணத்தில் மெட்டடார் வேன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இன்னும் 14 மாதத்தில் ஓய்வு. பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவ் சம்பளம் எல்லாம் சேர்த்து 38 லட்சம் ரூபாய் வரும். இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 3,900 கிடைக்கும். சொந்த வீடு, கடன் இல்லை, பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள். இப்போது சம்பளம் கைக்கு 60,000; வீட்டுச் செலவு 32,000. வங்கியில் 2.5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது.

பொள்ளாச்சியில் நண்பரின் தோட்டத்து ஷெட்டில் 1996 மாடல் மெட்டடார் டீசல் வேன் ஒன்று நிற்கிறது. வெள்ளை போர்டு. 1.2 லட்சம் கேட்கிறார். 2021-ல் ஆர்.சி. காலம் முடிந்தது, அதன் பிறகு புதுப்பிக்கவில்லை. மெக்கானிக் 5 லட்சம் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்: எஞ்சின் 1.3, பிரேக், டயர், வயரிங் 0.9, டிங்கரிங், பெயிண்ட் 1.9, உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன டாய்லெட் 0.9 லட்சம். ரிட்டையர் ஆனதும் ஆறு மாதம் மனைவியோடு இந்தியாவைச் சுற்ற ஆசை. பயணச் செலவும் சேர்த்து 8 லட்சம் ஒதுக்கலாமா? மகன் வீண் செலவு என்கிறான். மனைவிக்குச் சம்மதம், காசிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பது மட்டும் அவர் நிபந்தனை.

பதில்: வேன் வாங்கலாம். ஆனால் செட்டில்மென்ட் பணத்தில் வேண்டாம். உங்களிடம் இன்னும் 14 மாதச் சம்பளம் இருக்கிறது, அதில் வாங்குங்கள். அதற்குள் அடங்காத வேலையை வண்டிக்குச் செய்யாதீர்கள்.

38 லட்சம் என்பது பார்க்கப் பெரிய தொகை. மாதக் கணக்காக மாற்றினால்தான் அதன் அளவு தெரியும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். பணி ஓய்வு பெற்றவர் என்பதால் 60 வயது வரை காத்திருக்க வேண்டாம். 55 தாண்டியிருந்தாலே போதும், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்குத் தொடங்கிவிட வேண்டும். இப்போதைய வட்டி 8.2 சதவீதம். 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதத்துக்கு 20,500. பென்ஷன் 3,900-ஐயும் சேர்த்தால் 24,400. உங்கள் வீட்டுச் செலவோ 32,000. முதல் மாதத்திலேயே 7,600 துண்டு விழுகிறது.

மீதி 8 லட்சம் இந்தத் துண்டை அடைக்கத்தான். அதை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதத்தில் போட்டால் மாதம் 4,930 ரூபாய் வரும்; பற்றாக்குறை 2,700-க்கு இறங்கிவிடும். அதைச் செலவைச் சுருக்கிச் சமாளிக்கலாம். அதே 8 லட்சத்தை வண்டிக்குக் கொடுத்துவிட்டால், மாதம் 7,600-ஐ அந்த 2.5 லட்சம் எஃப்.டி.யிலிருந்துதான் எடுக்க வேண்டும். மூன்று வருடம்கூட அது தாங்காது. நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரே வாரத்தில் காலி. மகன் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆசையே வீண் என்று அவர் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்தவர் ஊர் சுற்ற நினைப்பதில் என்ன தப்பு? ஆனால் வேனில் போனால் லாட்ஜ் செலவு மிச்சம் என்ற சமாதானத்தை மட்டும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். 180 இரவில் மூன்றில் ஓர் இரவாவது குளிக்க, துணி துவைக்க, முதுகை நீட்டிப் படுக்க ரூம் போடுவீர்கள். மீதி 120 இரவுக்கு, ரூம் 1,200 என்று வைத்தால் மிச்சம் 1.44 லட்சம். அதை மிச்சப்படுத்த வண்டிக்கு 6 லட்சம் என்றால் கணக்கு உதைக்கிறது. அதுவும் நம் ஆட்கள் போகிற தலங்களில் தங்குவது அவ்வளவு செலவும் இல்லை. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. திருப்பதி, ராமேஸ்வரம் என்று எங்கே போனாலும் யாத்ரிகர் விடுதிகள் உண்டு. ஆகவே இது ஆசைக்கான செலவு. அதற்கு ஒரு வரம்பு வையுங்கள், அப்புறம் லாப நஷ்டம் பார்க்காதீர்கள்.

வரம்பு 3.5 லட்சம். மாதம் 25,000 வீதம் 14 மாதம். வங்கியில் ஆர்.டி. போட்டுக்கொள்ளலாம், அல்லது வேலை நடக்க நடக்க மாதாமாதம் கொடுத்துவிடலாம். இந்தப் பணத்தை ஈக்விட்டி ஃபண்டில் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாமா என்றால், கூடாது; 14 மாதத்தில் தேவைப்படும் பணம் சந்தைக்குப் போகக் கூடாது. இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிகள் பொதுவாக வாகனக் கடன் தருவதில்லை. பர்சனல் லோன், நகைக் கடன் என்று போகத் தோன்றும். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது புதுக் கடன் எதுவும் வேண்டாம்.

இனி வண்டிக்கு வருவோம். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் பேப்பரைப் பாருங்கள். சொந்த வாகனத்துக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு தாண்டிய இலகுரக வாகனத்துக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். அது போக, காலம் முடிந்தும் புதுப்பிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தாமதக் கட்டணம் என்று 2022-லிருந்து ஒரு விதி இருக்கிறது. நான்கு ஆண்டு தாமதம் என்று வைத்தாலே 24,000. ஆக, வண்டி நகரும் முன்பே 34,000 பேப்பருக்குப் போகிறது. பசுமை வரி, வேறு வரிப் பாக்கி இருந்தால் அது தனி. இந்தக் கணக்கை நண்பரிடம் எடுத்துச் சொல்லி, புதுப்பித்துக் கொடுத்தால் 1.2 லட்சம், இல்லையென்றால் 90,000-க்கு மேல் இல்லை என்று பேசுங்கள். நண்பர் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு வரிசையில் ஆள் நிற்பதில்லை.

போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, பழைய ஹைபோதிகேஷன், அதாவது வண்டிக் கடனுக்கான அடமானப் பதிவு, நீங்கியிருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பார்த்துவிடுங்கள். 1996-ல் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி இன்று மூடியிருந்தால், என்.ஓ.சி. என்ற ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்க அலைவது நீங்களாகத்தான் இருக்கும். சேசிஸ் நம்பரைத் துரு தின்றிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஆர்.டி.ஓ. ஆய்வில் அது தெரியாவிட்டால், நீங்கள் வாங்கியது பழைய இரும்பு. விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 50 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு, அதிலும் அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது.

இப்போது அந்த 5 லட்சம் எஸ்டிமேட். எஞ்சினுக்கு 1.3 லட்சத்தை ஒப்புக்கொள்ளலாம். டிராக்ஸ் ஜீப்பில் வந்த, மெர்சிடிஸ் உரிமத்தில் செய்த 2.4 லிட்டர் எஞ்சின்தான் உங்கள் வண்டியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதி, அந்தச் சாமான் இன்றும் கிடைக்கும். பாடி சாமான் அப்படியில்லை. மெட்டடாரைச் செய்த பஜாஜ் டெம்போ கம்பெனியே 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. மெட்டடார் கதவையும் கண்ணாடியையும் சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தைகளில்தான் தேட வேண்டும். பிரேக், டயர், வயரிங் 0.9 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். பழைய வேன் நடுரோட்டில் நிற்பதைவிட நிற்காமல் போவதுதான் பயம்.

வெட்ட வேண்டியது டிங்கரிங், பெயிண்டிங் 1.9 லட்சத்தில். தரைத் தகடும் ஓரச் சட்டமும் துருப்பிடித்த இடத்தில் வெட்டி வெல்டிங் செய்ய 40,000 ஒதுக்குங்கள். பளபளப்பு, இரண்டு கலர், ஸ்டிக்கர் எல்லாம் பிறகு. மேலே பட்டி பூசி மறைக்கிற வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள், அது முதல் மழைக்காலத்தில் விரிந்துவிடும். ஆக, வண்டி 90,000, எஞ்சின் 1.3 லட்சம், பிரேக் வகையறா 90,000, வெல்டிங் 40,000. மொத்தம் 3.5 லட்சம். பேப்பர் செலவு 34,000-க்கு இந்த ஆண்டு போனஸ். அட்வான்ஸ் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். ஒரு வேலை முடிந்து பார்த்த பிறகு அடுத்ததற்குப் பணம்.

உள்ளே கட்டில், டாய்லெட் 0.9 லட்சத்தை நான் மொத்தமாக அடித்துவிட்டேன். பணத்துக்காக மட்டும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. சீட்டைக் கழற்றிவிட்டு நிரந்தரக் கட்டில் அடித்தால் இருக்கை எண்ணிக்கையே மாறிவிடுகிறது. வழியில் மடக்கினால் அபராதம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளைமை மறுக்க நீங்களே காரணம் கொடுத்த மாதிரி. முறைப்படி கேரவனாக மாற்ற ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதியும் சான்றும் இருக்கின்றன. ஒரே ஒரு பழைய வேனுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. கழற்றி வைக்கக்கூடிய பலகை, மடக்கு மெத்தை, தண்ணீர் கேன், 5 கிலோ சிலிண்டர், ஒரு அடுப்பு. இவை லக்கேஜ், மாற்றம் அல்ல. சமையல் வண்டிக்கு வெளியே. சபரிமலைக்கும் ஆறுபடைக்கும் வேன் எடுத்துப் போய் மரத்தடியில் சாம்பார் சாதம் கிண்டிப் பழகிய ஊர் நம்முடையது, உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு கறாராக வரம்பு வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயது வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும்தான் கிடைக்கும். தீப்பிடித்தாலோ திருட்டுப் போனாலோ நீங்கள் போட்ட பணத்துக்கு ஒரு பைசாகூட வராது. 3.5 லட்சம் போனால் வருத்தப்படுவீர்கள், 8 லட்சம் போனால் வாழ்க்கை மாறிவிடும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீட்டை மறக்காமல் எடுங்கள். அது உங்களுக்கு மட்டும்தான், மனைவிக்குத் தனியாக ஒரு பாலிசி வேண்டும்.

அதைவிட முக்கியமானது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசி ஓய்வோடு முடிந்துவிடும். அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்பே எச்.ஆர்.-இடம் கேளுங்கள், மாறினால் காத்திருப்புக் காலம் கழித்துக்கொள்ளப்படும். புதிதாக எடுத்தால் சுகர், பிரஷர் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இந்தப் பாலிசி கைக்கு வராமல் காசி கிடையாது என்று நானும் ஒரு நிபந்தனை போடுகிறேன்.

காசிப் பயணத்தையே முதல் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரேவா வழியாகப் போனால் ஒரு வழிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். போய்வர 4,400, லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் 41,000 ரூபாய். வெள்ளை போர்டு வேன் என்பதால் 2025-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் எடுக்கலாம், தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 200 முறை கடக்க அது போதும். சாப்பாட்டுச் செலவு வீட்டில் இருந்தாலும் உண்டு, அதைப் பயணக் கணக்கில் ஏற்றாதீர்கள். டெல்லி பக்கம் மட்டும் இந்த வண்டியோடு போக வேண்டாம், 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே தொல்லைதான். காசிக்குப் போக டெல்லி தேவையும் இல்லை.

ஆறு மாதம் ஒரே மூச்சில் போவதைவிட மூன்று நான்கு வாரப் பயணங்களாகப் பிரித்துக்கொள்வது உங்கள் பாக்கெட்டுக்கு நல்லது. ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய சில மாதங்களில் சேர்த்த பணத்தோடு கிளம்பலாம். காலாண்டு வட்டி தானாகக் கணக்கில் ஏறும், பென்ஷனுக்கான ஜீவன் பிரமாண் என்ற உயிர்வாழ் சான்றைச் செல்போனிலேயே முகத்தைக் காட்டிப் பதிவு செய்துவிடலாம். இதற்காக ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் ஒரு சோதனை. யாரிடமாவது ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, மனைவியோடு வால்பாறை வரை போய் இரண்டு இரவு அதிலேயே தூங்கிப் பாருங்கள். காலையில் இடுப்பு பிடித்து, இரவில் டாய்லெட் தேடி அலுத்துப் போனால் சில ஆயிரத்தோடு விஷயம் முடிந்தது. அந்த 3.5 லட்சத்தை வைத்து ரயிலில் ஏ.சி. கோச்சில் இந்தியாவைச் சுற்றலாம்.

சோதனைக்குப் பிறகும் ஆசை நின்றால், ஆனால் மெட்டடார் பேப்பர் சரியில்லை என்றால், 15 வயதுக்குள் இருக்கிற மாருதி ஈகோ மாதிரி ஒரு வேனைப் பாருங்கள். அழகில் மெட்டடாருக்கு அது ஈடு இல்லைதான். ஆனால் நாக்பூரில் கிளட்ச் போனால் நாக்பூரிலேயே சாமான் கிடைக்கும்.

கடைசியாக, சுற்றி முடித்து விற்றால் போட்ட பணம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, மகன் கேட்பார். வராது. செல்லுபடியாகும் ஆர்.சி. கையில் இருந்தால் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் போகலாம். எஞ்சினுக்கும் வெல்டிங்குக்கும் போட்டது போட்டதுதான். தனிநபர் தனிநபருக்கு விற்பதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. விற்ற அன்றே படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, பெயர் மாறும் வரை விடாமல் கேளுங்கள். அடுத்தவர் ஓட்டும் வேனுக்கு அபராதம் உங்கள் பெயரில் வரக் கூடாது.