மானுக்கு வளைந்த கார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதமாக வீட்டில் கார் பேச்சுதான். மனைவிக்கு இது ஆறாம் மாதம், குழந்தை வந்தபிறகு பைக் சரிப்படாது. ஒரு பிரீமியம் ஹேட்ச்பேக்கைப் பார்த்து வைத்திருக்கிறோம். அது என்ன பிரீமியம் என்று ஷோரூமில் கேட்டேன். சன்ரூஃப், பெரிய தொடுதிரை, தானே மடியும் கண்ணாடி என்று அடுக்கினார்கள். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. "சின்ன வண்டிக்கு எதுக்குடா இவ்வளவு காசு? இதுக்குப் பழசுல பெரிய வண்டியே வாங்கிடலாம்" என்கிறார்.

பாலிடெக்னிக்கில் எங்கள் வாத்தியார் ஒருவர் மெர்சிடீஸ் ஏ-கிளாஸ் கதையைச் சொல்லிச் சிரிப்பார். பெரிய கார் செய்கிறவன் சின்ன கார் செய்யப் போய், குறுக்கே வரும் மானுக்கு வளைத்து விலகும் மான் டெஸ்டில் கவிழ்ந்தான், கிழக்கு ஜெர்மனியின் பழைய மலிவு வண்டியான டிராபான்ட்கூட அதில் தேறியது என்பார். சின்ன கார் எந்நாளும் உயர்தரக் கார் ஆகாது என்பது அவர் முடிவு. நீங்களோ ஜெர்மனி பயணக் குறிப்பில் அதே காரைப் பற்றிப் பிரியமாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கவிழ்ந்த காரின் மேல் என்ன பிரியம் சார்?

செந்தில், ஓசூர்

அன்புள்ள செந்தில்,

வீட்டுக்கு வரப்போகும் குழந்தைக்கு முதலில் என் வாழ்த்து.

அந்தப் பிரியம் எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட்டில் நான் தங்கியிருந்த நண்பர் வீட்டில் ஒரு பழைய ஏ-கிளாஸ் இருந்தது. நண்பரின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், இரண்டு முழங்காலிலும் வலி. வேறு கார்களில் ஏறுவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். இந்தக் காரில் மட்டும் வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல் பக்கவாட்டில் அமர்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். குனிய வேண்டியதில்லை. நண்பர் கால்மிதியை விலக்கி, தரையை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கூடாக ஒலித்தது. "இதற்குக் கீழே இன்னொரு தரை இருக்கிறது" என்றார்.

அந்த இரட்டைத் தரையில்தான் காரின் முழுக் கதையும் இருக்கிறது. 1993-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் விஷன் ஏ 93 என்ற மாதிரி வண்டியை மெர்சிடீஸ் வைத்தது. பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றும் அதன் திட்டத்தில் இருந்தன. கலிபோர்னியா புகையில்லா வண்டிகளைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்திருந்த காலம் அது. பேட்டரியை எங்கே வைப்பது என்று யோசித்தவர்கள், ஆட்கள் உட்காரும் தரைக்கு அடியில் இன்னொரு தளம் அமைத்தார்கள். அதே இடைவெளியை விபத்துக்கும் பயன்படுத்தினார்கள். இன்ஜினைச் சாய்த்து வைத்ததால், நேருக்கு நேர் மோதினால் அது பயணிகளின் காலை நோக்கி வராமல் தரைக்கு அடியில் சறுக்கிப் போய்விடும். முன்னால் நீண்ட மூக்கு இல்லாமலேயே பெரிய காருக்குரிய பாதுகாப்பைத் தர இது வழி செய்தது.

காரின் நீளம் 3.57 மீட்டர். நான்கு மீட்டரைத் தொடும் நம்மூர் பிரீமியம் ஹேட்ச்பேக்கோடு பார்த்தால் ஏறத்தாழ ஒரு முழம் குட்டை. உள்ளே நான்கு பேர் காலை நீட்டி உட்காரலாம். முன்சக்கரத்தில் இழுவை கொண்ட முதல் மெர்சிடீஸ் கார் இதுதான். ராஸ்டாட் ஆலையில் செய்தார்கள். 1997 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டி, அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

விற்பனை தொடங்கிய சில நாட்களிலேயே, அக்டோபர் 21 அன்று, சுவீடனின் டெக்னிக்கென்ஸ் வார்ல்ட் இதழைச் சேர்ந்த ராபர்ட் கொலின் அதைச் சோதனைக்கு எடுத்தார். சுவீடன் சாலைகளில் எல்க் என்னும் மான் குறுக்கே வரும். குதிரை உயரம், மெலிந்து நீண்ட கால்கள், மேலே கனத்த உடம்பு. கார் மோதினால் கால் முறிந்து, உடம்பு முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழும். ஆகவே மோதாமல் விலகியாக வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் ஒரே வீச்சில் இடப்பக்கம் வளைத்து, எதிரே வண்டி வருவதற்குள் மறுபடி உன் பாதைக்கு வந்துவிடு என்பதுதான் சோதனை. உள்ளே ஆட்களும் சுமையும் இருக்க வேண்டும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏ-கிளாஸ் வளைந்தது, திரும்பியது, சக்கரங்கள் தூக்க, கூரை தரையில் பட விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதை நீங்கள் தொழிலில் இருப்பவர் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காரின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். டயரின் பிடிப்பு அந்த எண்ணைவிடக் குறைவென்றால் கார் வழுக்கும். அதிகமென்றால் கவிழும். பாட்டிக்கு ஏற வசதியான அந்த உயரமான இருக்கைதான் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கியது. பேட்டரி வந்து அமர்ந்திருந்தால் அந்தக் கனம் அடியில் நின்று காரைத் தாங்கியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. இன்றைய மின்சாரக் கார்கள் அப்படித்தான் நிற்கின்றன. விற்பனைக்கு வந்த ஏ-கிளாஸில் அடித்தளம் கூடாக இருந்தது, கனமெல்லாம் மேலே இருந்தது. டிராபான்ட் கதையும் இதே கணக்குதான். பழைய டிராபான்ட் ஒன்று அந்தச் சோதனையில் கவிழாமல் போனதாக ஜெர்மன் பத்திரிகைகள் எழுதியது உண்மை. பிடிப்பு குறைந்த டயரில் ஓடும் வண்டி, கவிழும் அளவுக்கு வருவதற்கு முன்னால் வழுக்கிவிடும். அதனால் அது நல்ல கார் ஆகிவிடாது.

உங்கள் வாத்தியார் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார். எனக்குப் பிரியம் தொடங்குவதே இதற்குப் பிறகுதான்.

முதல் சில நாட்கள் மெர்சிடீஸ் நடந்துகொண்ட விதம் அழகாக இல்லை. அந்தச் சோதனையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததுபோல் பேசினார்கள். பிறகு டயரின் மேல் பழியைப் போட்டார்கள். ஆனால் அக்டோபர் முடிவதற்குள் ஒரு முடிவு வந்தது. விற்கப்படும் எல்லா ஏ-கிளாஸிலும் ஈஎஸ்பி என்ற, கார் வழுக்காமல் பிடித்து நிறுத்தும் கருவி இருக்கும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் காசு வாங்காமல் பொருத்தித் தருவோம் என்றார்கள். நவம்பரில் விநியோகத்தையே பன்னிரண்டு வாரம் நிறுத்தினார்கள். சஸ்பென்ஷனை இறுக்கி, உடலைத் தாழ்த்தி, டயரை மாற்றி, 1998 பிப்ரவரியில் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 30 கோடி மார்க் கூடுதல் செலவு என்று அப்போது எழுதினார்கள். அதே குழுமத்தின் ஸ்மார்ட் என்ற குட்டிக் காரும் சந்தைக்கு வருவது அரை ஆண்டு தள்ளிப்போனது. அதன் ஆட்டத்தையும் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஈஎஸ்பி அன்று எளிய பொருள் அல்ல. பாஷ் நிறுவனமும் மெர்சிடீஸும் சேர்ந்து உருவாக்கி, 1995-இல் எஸ் 600 கூப்பேயில்தான் முதலில் வைத்தார்கள். பணக்காரர்களின் பெரிய காருக்கு உரியது அது. அதன் விதையும் சுவீடனில்தான் விழுந்தது. 1989 குளிர்காலத்தில், ஃபிராங்க் வெர்னர்-மோன் என்ற இளம் மெர்சிடீஸ் பொறியாளர், பனிச்சாலையில் சோதனை ஓட்டத்தின்போது வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். மீட்பு வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கார் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை ஒரு கருவி அளந்து பிரேக்குக்குச் சொன்னால் என்ன? ஆரம்ப முயற்சியில் பொம்மை ஹெலிகாப்டரிலிருந்து சுழல்மானியை எடுத்துப் பொருத்திப் பார்த்தார்களாம்.

அது வேலை செய்யும் விதத்தை விளக்க நம்மிடம் தேரைவிட நல்ல உதாரணம் கிடையாது. தேர் வீதி முனையில் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், தேரைத் திருப்புகிறவர் சக்கரத்தோடு ஓடும் முட்டுக்கட்டைக்காரர். எந்தச் சக்கரத்தடியில், எந்தக் கணத்தில் கட்டையைச் செருகுவது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த வித்தை. ஒரு சக்கரம் தயங்கும், தேர் அந்தப் பக்கம் முகம் திருப்பும். ஈஎஸ்பியும் ஒரு சக்கரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்கிறது. ஸ்டீயரிங் எவ்வளவு திருப்பப்பட்டிருக்கிறது என்று பார்க்கும், கார் உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்று பார்க்கும். பின்பக்கம் வீசினால் வெளிப்புற முன்சக்கரத்தைப் பிடிக்கும். முகம் திரும்பாமல் நேராகப் போனால் உட்புறப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். இன்ஜினின் வேகத்தையும் குறைக்கும். ஓட்டுநர் பயந்து உறைந்திருக்கும் அரை நொடிக்குள் இவ்வளவும் நடந்து முடியும்.

பெரிய காருக்கென்று வைத்திருந்த அந்த வித்தையை, தன் கார்களிலேயே விலை குறைந்த காருக்குக் கொடுக்க மெர்சிடீஸ் தள்ளப்பட்டது. சின்ன கார் வாங்குகிறவனுக்கு இது போதும் என்ற கணக்கு அந்த அக்டோபரில் உடைந்தது. 1999-இல் தன் எல்லாக் கார்களிலும் அதை நிரந்தரமாக்கியது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். வழுக்கும் சாலையில் அதனால் வீடு திரும்பியவர்களை நினைத்தால், அந்தக் கவிழ்ந்த காரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. முதல் தலைமுறை ஏ-கிளாஸ் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

எனக்கும் ஒரு மான் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒட்டன்சத்திரம் தாண்டி, மாலை மங்கும் நேரம். அப்போது என்னிடம் இருந்ததும் சின்ன கார்தான், பேர் வேண்டாம். சாலையோரத்தில் மேய்ந்துகொண்டிருந்த பசுவை நான் பார்த்தேன், அதன் கன்று மறுபக்கம் நின்றதைப் பார்க்கவில்லை. தாயைத் தேடி அது ஓடிவந்தது. நான் திருப்பினேன், கார் திரும்பியது. மறுபடி நேராக்கினேன், கார் நேராகவில்லை. பின்பக்கம் வீசிச் சுற்றி, வரப்பில் இறங்கி, முருங்கைத் தோப்பு வேலியில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தில் எழுந்து, "வீடு வந்துடுச்சாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றும் தூக்கத்தில் கேட்கும்.

சரி, அப்பாவுக்கு என்ன சொல்வது? அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்காதீர்கள். பழைய பெரிய வண்டியும் நல்லதுதான், ஆனால் அதில் ஈஎஸ்பி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இருக்காது. சின்ன வண்டிக்கு எதற்கு இவ்வளவு காசு என்ற கேள்விக்குப் பதில் அதன் அளவில் கிடைக்காது. சின்ன வண்டிதானே என்று கழற்றிவிடாமல், செய்தவர்கள் எதையெல்லாம் அதில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சன்ரூஃபைக் கழற்றினால் வெயில் வராது, அவ்வளவுதான். உயிரைக் காக்கும் பொருளைக் கழற்றாமல் வைப்பதுதான் எனக்குப் பிரீமியம் என்ற சொல்லுக்கு அர்த்தம்.

நம்மூரில் அந்தப் பொருளை ஈஎஸ்சி என்று எழுதுவார்கள், சில கம்பெனிகள் வேறு பேரும் வைத்திருக்கின்றன. பல மாடல்களில் இப்போது பேஸ் வேரியன்ட்டிலேயே வருகிறது, சிலவற்றில் மேல் வேரியன்ட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். ஷோரூம்காரர் "எல்லாம் இருக்கு சார்" என்பார். நீங்கள் வாங்கும் வேரியன்ட்டின் பெயரைப் போட்டு, ஈஎஸ்சி உண்டு என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பின்சீட்டின் முதுகும் தளமும் சேரும் இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள், குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பி விரலில் தட்டுப்பட வேண்டும். அப்பாவையும் கூட்டிப் போங்கள். பின்சீட்டில் ஏறி இறங்க அவருக்கு முழங்கால் வலிக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.