வாசகர் கேள்வி–பதில்: ஹங்கேரிய மொழிவழியில் உயர்கல்வி

கேள்வி: ஹங்கேரியில் இளங்கலை இயற்பியல் படிக்க விரும்புகிறேன். அந்நாட்டு மொழி அறவே தெரியாத நான் ஆங்கில வழியை விட்டு ஹங்கேரிய வழியில் சேரலாமா?

பதில்: சேரலாம், ஆனால் ஓராண்டு கூடுதலாகும். அந்நாட்டு அரசு 2013-இல் தொடங்கிய ‘ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம்’ உதவித்தொகையின் கீழ் ஹங்கேரிய வழிப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மொழியறியா மாணவர்கள், முதலில் ஓராண்டு ஆயத்த மொழிப் படிப்பை முடித்துத் தேர்ச்சி பெற வேண்டும். கல்விக் கட்டணம் கிடையாது. இளங்கலை மாணவருக்கு மாதம் 43,700 ஃபோரின்ட் தருகிறார்கள் என்றாலும், அதை மட்டும் நம்பி புடாபெஸ்டில் காலம் தள்ள முடியாது. வீட்டிலிருந்தும் பணம் வந்தாக வேண்டும்.

மொழியைக் கண்டு மிரள வேண்டியதில்லை. தமிழைப் போலவே அதுவும் ஒட்டுநிலை மொழி. ‘ஹாஸ்’ என்றால் வீடு, ‘ஹாஸ்பன்’ என்றால் வீட்டில், ‘ஹாஸ்போல்’ என்றால் வீட்டிலிருந்து. வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. உண்மையான சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது: ஏதோ ஒரு புத்தகத்தைப் படிக்கிறேன் என்றால் ‘ஒல்வஷோக்’, குறிப்பிட்ட அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன் என்றால் ‘ஒல்வஷோம்’. செயப்படுபொருளைப் பார்த்து வினை வடிவம் மாறும் இந்தப் பழக்கம் கைவர மாதங்கள் ஆகும்.

அதைவிட முக்கியம் வாய்மொழித் தேர்வு. ‘தேதெல்’ எனப்படும் தலைப்புகளின் பட்டியலை முன்கூட்டியே தந்துவிடுவார்கள்; தேர்வன்று மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, சற்று நேரம் குறிப்பெழுதிவிட்டு, பேராசிரியர் எதிரில் அமர்ந்து அத்தலைப்பைப் பற்றிப் பேச வேண்டும். 5 மிக உயர்ந்த மதிப்பெண், 1 என்றால் தோல்வி. எழுத்துத் தேர்வில் சமாளிக்கும் மாணவரும் இங்கே தடுமாறக்கூடும் என்பதால், அந்த நாட்டிலேயே தங்கிப் பணியாற்றும் எண்ணம் இருந்தால் ஹங்கேரிய வழியைத் தேர்ந்தெடுங்கள். பட்டம் மட்டும் போதுமென்றால் ஆங்கில வழியே உகந்தது என்பது என் கருத்து.

கேள்வி: ஆங்கில வழி மருத்துவம் படிப்போருக்கும் ஹங்கேரிய மொழி தேவையா?

பதில்: தேவை. விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி ஹங்கேரிய மொழியில்தான் ‘இங்கே வலிக்கிறது’ என்பார். அதனால்தான் மருத்துவ ஹங்கேரிய மொழியைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் ஹங்கேரியில் படிக்க இயலுமா?

பதில்: எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பொறுத்தது. பொதுநல அறக்கட்டளைகளின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்ட ஹங்கேரியப் பல்கலைக்கழகங்களுடன் புதிய நிதி ஒப்பந்தங்கள் கூடாதென ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் 2022 டிசம்பரில் முடிவெடுத்தது. டெப்ரெட்சென், செகெட், பேச் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. புடாபெஸ்டின் எட்வெஷ் லோரான்ட் பல்கலைக்கழகமோ அரசிடமே இருந்தது. எனவே விண்ணப்பிக்கும் முன் ஒப்பந்தம் நடப்பில் உள்ளதா என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். மொழியைச் சுவைத்துப் பார்ப்பது மட்டுமே நோக்கமானால், 1927 முதல் இயங்கிவரும் டெப்ரெட்சென் கோடைப் பள்ளி ஒரு முழுப் பருவத்தைவிட எளிய வழி.

கேள்வி: ஹங்கேரிக்கு வெளியேயும் ஹங்கேரிய வழிப் பல்கலைக்கழகங்கள் உண்டா?

பதில்: உண்டு. 1920-இல் கையெழுத்தான திரியனோன் ஒப்பந்தத்தால் எல்லைகள் சுருங்கியபோது, லட்சக்கணக்கான ஹங்கேரியர்கள் அண்டை நாடுகளின் குடிமக்களாயினர். அவர்களுக்காக ருமேனியாவின் க்ளூஜ் நகரில் பாபெஷ்–போயாய் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய வழிப் பிரிவும், ஸ்லோவாகியாவின் கொமார்னோவில் 2004-இல் நிறுவப்பட்ட ஷெயெ யானோஷ் பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. அங்கே சேர்வோருக்கு விசாவும் சேர்க்கை விதிகளும் ருமேனியா, ஸ்லோவாகியா நாடுகளுடையவை. மேற்சொன்ன உதவித்தொகையும் அங்கே செல்லாது.